தேர் இழுப்பதும் ஏலம் கேட்பதும்: பல்முகவர் அமைப்பு என்பது உண்மையில் எது?

கேள்வி: இறுதியாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கணினி அறிவியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ஒரே சாலையில் அடுத்தடுத்து வரும் 6 சந்திப்புகளின் போக்குவரத்து சிக்னல்களை 6 ஏஜென்ட்டுகளாக அமைத்து, அவை தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு பச்சை விளக்கின் நேரத்தைத் தாமே முடிவு செய்யும்படி ஒரு சிமுலேஷன் எழுதியிருக்கிறேன். (ஏஜென்ட் என்பதற்கு முகவர் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் முகவர் என்றதும் ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்லி வீட்டுக்கு வருபவரே நினைவுக்கு வருவதால், துறையின் பெயரில் மட்டும் அச்சொல்லை வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் ஏஜென்ட் என்றே எழுதுகிறேன்.)

சென்ற வாரம் நடந்த முதல் ரிவ்யூவில் தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இந்த ஆறையும் 6 ஃபங்ஷன்களாக எழுதி ஒரே நிரலிலிருந்து அழைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஊர் கூடித் தேர் இழுப்பது போலப் பல சிறிய நிரல்கள் சேர்ந்து ஒரு பெரிய வேலையைச் செய்வதே பரவல் செயற்கை நுண்ணறிவு என்று வகுப்பில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த மாணவரை அழைத்துவிட்டார்.

அந்த உவமை எங்கே பிசகுகிறது என்பதை அறிய விரும்புகிறேன். பரவல் கணிமை, பரவல் செயற்கை நுண்ணறிவு, பல்முகவர் அமைப்பு ஆகிய மூன்றும் ஒன்றா, வேறா? இப்போது எல்லோரும் பேசும், சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் உள்ள மொழி மாதிரிகளால் இயங்கும் ஏஜென்ட்டுகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதானா?

பதில்: பழைய கரும்பலகை

மாணவிக்கு வணக்கம். தேர்வாளர் உங்களைக் குறைத்து மதிப்பிட்டுச் சிரித்திருக்க மாட்டார். அந்த உவமையை ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருப்பார். நானும் சில ஆண்டுகள் அதே உவமையைச் சொல்லி வகுப்பு நடத்தியவன் என்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டு. தேர் இழுக்கும்போது வடம் ஒன்று, போகும் திசை ஒன்று, இழுப்பவர் எவருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. தேரை எங்கே திருப்புவது, எங்கே நிறுத்துவது என்பதை முட்டுக்கட்டை போடுபவர் பார்த்துக்கொள்கிறார். ஆகவே அது ஒரே கட்டளையின் கீழ்ப் பலருடைய உழைப்பு. உங்கள் தேர்வாளர் சொன்ன 6 ஃபங்ஷன்களுக்கு அந்த உவமை கச்சிதமாகப் பொருந்துகிறது, சிக்கலே அதுதான்.

முதலில், பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும் பரவல் கணிமையைத் தள்ளி வைத்துவிடலாம். அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை நிரலர் முன்பே முடிவு செய்துவிடுகிறார். கணினிகள் செயலிழந்தாலும், செய்திகள் தாமதமானாலும், சில கணினிகள் பொய்யே சொன்னாலும் அந்த முடிவு எப்படிக் குலையாமல் நிறைவேறும் என்பதே கேள்வி. கணினி அறிவியலாளர் லாம்போர்ட்டும் அவருடைய சகாக்களும் 1982இல் எழுதிய பைசாந்தியத் தளபதிகள் கணக்கு இதற்கு நல்ல சான்று: கையொப்பமிடாத செய்திகளை மட்டும் நம்பி இயங்கும்போது, தங்களுள் இருக்கும் ஒரு துரோகியையும் மீறி ஒரே முடிவுக்கு வரக் குறைந்தது 4 தளபதிகள் வேண்டும். அந்தத் தளபதிகளுக்குத் தனி விருப்பம் எதுவும் கிடையாது. நல்லவர் விதிப்படி நடப்பார், துரோகி நடக்கமாட்டார், அவ்வளவுதான்.

பரவல் செயற்கை நுண்ணறிவு வேறு ஓர் இடத்திலிருந்து புறப்பட்டது. 1970களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டியின் குழு, ஏறத்தாழ 1,000 சொற்கள் கொண்ட சொற்தொகுதிக்குள் அமைந்த பேச்சைப் புரிந்துகொள்ளும் ஹியர்சே-2 என்ற அமைப்பை உருவாக்கியது. (ராஜ் ரெட்டி நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1994ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டவர்.) ஒலித்துணுக்கை அறிந்த நிரல் ஒன்று, அசையை அறிந்தது ஒன்று, சொல்லை அறிந்தது ஒன்று, தொடரை அறிந்தது ஒன்று எனப் பல அறிவு மூலங்கள் அதில் இருந்தன. அவை ஒன்றையொன்று அழைப்பதில்லை. கரும்பலகை என்று பெயரிடப்பட்ட பொதுவான நினைவகத்தில் ஒவ்வொன்றும் தன் ஊகத்தை எழுதும். அதைப் பார்க்கும் இன்னொன்று தனக்குத் தெரிந்ததைச் சேர்க்கும், அல்லது மறுதலிக்கும். எனக்கு இந்தப் புனைபெயர் வந்த கதையும் இதுதான்.

அந்தக் குழுவில் இருந்த விக்டர் லெஸ்ஸர் பின்னர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் கார்கில் என்பவருடன் சேர்ந்து அதே கருத்தை வாகனக் கண்காணிப்புக்கு நீட்டினார். அங்கே கரும்பலகை ஒன்றல்ல. தன் பகுதியின் ஒலியை மட்டும் கேட்கும் ஒவ்வொரு கணுவுக்கும் (வலைப்பின்னலில் உள்ள தனிக் கணினிக்கும்) ஒரு கரும்பலகை. இரைச்சல் மிகுந்த தரவைப் பெற்ற ஒரு கணு, தவறான அரைகுறை ஊகத்தை உறுதியான குரலில் அனுப்பி, சரியான பாதையில் போய்க்கொண்டிருந்த பக்கத்துக் கணுவையும் திசைதிருப்பிவிடும் என்பதை அவர்கள் கண்டார்கள். யார் பேச்சை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி நிரலுக்குள் நுழைந்தது இப்படித்தான். 1980இல் எம்.ஐ.டி. ஏற்பாட்டில் நடந்த பயிலரங்கிலிருந்து பரவல் செயற்கை நுண்ணறிவு தனித் துறையாக எண்ணப்படுகிறது.

அதே ஆண்டில் ரீட் ஸ்மித் வெளியிட்ட ஒப்பந்த வலை நெறிமுறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு பட்டறையில் 3 லேத்துகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏஜென்ட் இருப்பதாகவும் கொள்வோம். ஒரு தண்டைக் கடைந்து தரவேண்டும் என்ற வேலை மேலாளர் ஏஜென்ட்டிடம் வருகிறது. அது எந்த லேத்துக்கும் ஆணையிடுவதில்லை. அறிவிப்பு ஒன்றைப் பரப்புகிறது. அந்த அறிவிப்பில் வேலையின் சுருக்கம், யார் கேட்கலாம் என்ற தகுதி, கேட்பவர் என்ன விவரம் தரவேண்டும் என்ற குறிப்பு, கெடு நேரம் ஆகிய நான்கும் இருக்கும். முதல் லேத் தகுதியைப் பார்த்து, தண்டைப் பிடிக்கும் தன் சக் அந்த விட்டத்துக்குப் போதாது என்று பேசாமல் இருந்துவிடுகிறது. இரண்டாவது 40 நிமிடம் கேட்கிறது. மூன்றாவது 55 நிமிடம் கேட்கிறது. இரண்டாவதுக்கு ஒப்பந்தம் கிடைக்கிறது. வேண்டுமானால் அது வேலையின் ஒரு பகுதிக்குத் தானே மேலாளராகி, மீண்டும் அறிவிப்பு விடலாம். நம் ஊர் டெண்டர்தான். சிபாரிசுக் கடிதம் மட்டும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது முதல் லேத்தின் மௌனம். மேலாளருக்கு அதன் சக்கின் அளவு தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு ஃபங்ஷனை அழைத்தால் அது ஓடியே தீரவேண்டும். ஏஜென்ட்டிடம் கேட்டால் அது தன் நிலையைப் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம். மறுக்கும் அந்த முடிவுக்கான அறிவு அதனிடம் மட்டுமே இருக்கிறது என்றால், அதை ஏஜென்ட்டாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. அந்த அறிவு முழுவதும் அழைக்கும் நிரலிடமும் இருக்கிறது என்றால், உங்கள் தேர்வாளர் சொன்னதே சரி.

பதில்: இரவுப்பணி

மேலே உள்ள விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒப்பந்த வலையைப் படித்துவிட்டு நேராக ஆலைக்குள் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. அப்படிப் போய்ப் பட்டவன் நான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உதிரிபாக ஆலையில், எந்திரங்களுக்கு வேலை ஒதுக்கும் நிரலை இதே முறையில் எழுதினோம். வரிசை நீண்டுபோனால் ஓர் எந்திரத்தின் ஏஜென்ட் தன்னிடம் உள்ள வேலையை மறு ஏலம் விடலாம் என்றும் ஒரு விதி வைத்தோம். ஒருநாள் இரவு மூன்றாவது எந்திரமும் ஐந்தாவது எந்திரமும் ஏறக்குறைய சமமான சுமையில் இருந்தன. மூன்று விடுத்த வேலையை ஐந்து எடுத்தது. எடுத்ததுமே அதன் வரிசை நீண்டுவிட்டதால் அது ஏலம் விட்டது. இப்போது வரிசை குறைந்திருந்த மூன்று அதை எடுத்தது. விடியும்வரை இதே கதை. ஒவ்வொரு ஏஜென்ட்டின் பதிவேட்டையும் தனித்தனியாகப் படித்தால் எல்லாம் விதிப்படியே நடந்திருந்தது. காலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் வந்தபோது வார்ப்புகள் டிராலியில் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. கைமாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வேலைக்குக் கொஞ்சம் செலவு ஏறும் என்று ஒரு வரியைச் சேர்த்த பிறகே சிக்கல் தீர்ந்தது. முட்டிக்கொண்டு நிற்கும் நிரலைக் கண்டுபிடிப்பது எளிது. ஓயாமல் இயங்கிக்கொண்டே ஒன்றும் செய்யாத நிரலைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

இன்னொரு பழைய தொல்லை: ஓர் ஏஜென்ட் ஒரே நேரத்தில் இரண்டு அறிவிப்புகளுக்கு 40 நிமிடம் என்று விலை கேட்டு, இரண்டையும் வென்றுவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது வேலைக்கு அது சொன்ன 40 நிமிடம் அந்த நொடியே பொய்யாகிவிடுகிறது. ஸ்மித்தின் நெறிமுறையை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் இதற்குத் தமக்கென ஒரு வழி கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே என் கட்சி இதுதான்: மையத்தில் வைத்து முடிவெடுக்க முடிகிற இடத்தில் மையத்திலேயே எடுங்கள். கிடங்குகளில் அலமாரியையே தூக்கிக்கொண்டு வரும் கிவா ரோபோக்களைப் பாருங்கள். 2003இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2012இல் அமேசான் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. தரையில் ஒட்டிய குறியீட்டுத் தாள்களைப் படித்து, தான் நிற்கும் இடத்தை அறிந்து, தன் பாதையைத் தானே திட்டமிடும் ஏஜென்ட் ஒவ்வொரு ரோபோவுக்கும் உண்டு. ஆனால் எந்த ரோபோ எந்த அலமாரியை எடுப்பது என்பதை வேலை மேலாளர் என்ற ஒரே நிரல் பகிர்ந்து தருகிறது. எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்கக் கூடாது என்ற நிதானம் அதில் தெரிகிறது. கோட்பாடும் இந்தப் பக்கமே சாய்கிறது: ஓரளவே கண்ணுக்குத் தெரியும் சூழலில் ஒரே ஏஜென்ட்டுக்குத் திட்டம் போடுவதே கடினமான கணக்கு என்றாலும், அதே கணக்கை ஆளுக்கொரு துண்டை மட்டும் பார்க்கும் இரண்டு ஏஜென்ட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் அது அதைவிட மிகக் கொடிய கணக்குகளின் வகுப்புக்குத் தாவிவிடுகிறது என்று பெர்ன்ஸ்டைனும் சகாக்களும் 2000இல் நிறுவிவிட்டார்கள்.

பதில்: இறுதியாண்டு மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. மறுக்கும் அறிவு யாரிடம் இருக்கிறது என்ற அளவுகோல் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அதன் வழியே ஓர் ஐயம் எழுகிறது. லேத்துகள் மூன்றும் ஒரே முதலாளியுடையவை என்பதால் 40 நிமிடம் என்று சொன்னால் நம்பலாம். மூன்றும் மூன்று முதலாளிகளுடையவை என்றால், வேலையைப் பிடிப்பதற்காகக் குறைத்தும், கூலிக்காகக் கூட்டியும் சொல்லமாட்டார்களா? அப்போது இந்த நெறிமுறை என்ன ஆகும்?

பதில்: இரண்டாம் விலை

தேர் உவமை முற்றாக அறுந்து, பல்முகவர் அமைப்பு என்ற பெயருக்குரிய இடம் தொடங்குவது நீங்கள் இப்போது கேட்ட கேள்வியில்தான். நோக்கம் ஒன்றாக இருந்து வேலையை மட்டும் பகிர்ந்துகொண்டால் அதைப் பரவல் சிக்கல் தீர்வு என்பார்கள். நோக்கங்களே வேறுபட்டால் ஏஜென்ட்டுகளை அமைப்பதைவிட, அவை சந்திக்கும் இடத்தின் விதிகளை அமைப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது.

பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. (1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் அவர் காலமானார்.) உங்கள் லேத்துகளுக்கே பொருத்திப் பார்ப்போம். மூன்று முதலாளிகளுக்கும் உண்மையான அடக்கச் செலவு 300, 420, 500 ரூபாய். மூடிய உறையில் விலை வாங்கி, குறைந்த விலை கேட்டவருக்கு வேலையைக் கொடுத்து, அவர் கேட்டதையே கூலியாகத் தந்தால், 300 ரூபாய்க்காரர் மற்றவர்களை நோட்டம் விட்டு 410 என்று எழுதுவார். அதற்கு மாறாக, வென்றவருக்கு இரண்டாவது குறைந்த விலையைக் கூலியாகத் தருவோம் என்று விதித்துப் பாருங்கள். முதலாமவர் உண்மையான 300ஐ எழுதினால் வென்று 420 பெறுகிறார். 410 எழுதினாலும் அதே 420தான். 430 எழுதினால் வேலையே போய்விடும். இரண்டாமவர் ஆசைப்பட்டு 290 எழுதினால் வென்றுவிடுவார், ஆனால் கைக்கு வருவது 300. சொந்தச் செலவு 420 என்பதால் 120 ரூபாய் நட்டம். பொய் சொல்வதால் எவருக்கும் ஆதாயம் இல்லை. உபதேசம் செய்து திருத்த வேண்டியதில்லை. கூலி தரும் விதியை மாற்றினால் போதும். முதலாளிகள் தமக்குள் முன்பே பேசிவைத்துக்கொண்டால் இந்த விதியும் கைகொடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

விதியைப் பற்றி யாரும் யோசிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2011 ஏப்ரலில் அமேசான் தளத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஈக்களின் வளர்ச்சியைப் பற்றிய, அச்சில் இல்லாத ஓர் உயிரியல் நூலை இரண்டு விற்பனையாளர்கள் புதுப் பிரதியாகப் பட்டியலிட்டிருந்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக உயிரியலாளர் மைக்கேல் ஐசன் நாள்தோறும் அந்த விலைகளைக் குறித்துவைத்து, அவற்றின் பின்னால் இருந்த விதியைக் கண்டுபிடித்தார். முதல் விற்பனையாளரின் நிரல், போட்டியாளரின் விலையை 0.9983ஆல் பெருக்கித் தன் விலையாக வைத்தது; அதாவது ஒரு மயிரிழை குறைவாக விற்கும் எண்ணம். இரண்டாமவரின் நிரல் முதலாமவரின் விலையை 1.270589ஆல் பெருக்கியது, அவர் கையில் நூலே இல்லை, ஆர்டர் வந்தால் அங்கே வாங்கி இங்கே விற்கும் எண்ணம் போலும் என்று ஐசன் ஊகித்தார். இரண்டு விதிகளும் தனித்தனியே நியாயமானவை. பெருக்கிப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 1.268 மடங்கு. 100 டாலரில் தொடங்கினால் மூன்று சுற்றில் 200ஐத் தாண்டும். 52 சுற்றில் இரண்டரைக் கோடியை நெருங்கும். உண்மையிலேயே அந்த நூலின் விலை 2,36,98,655 டாலர்வரை ஏறிய பிறகே எவரோ ஒருவர் கண்விழித்து விலையை இறக்கினார்.

அங்கே ஏஜென்ட் ஒவ்வொன்றும் ஒரு பெருக்கல் மட்டுமே; அறிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டையும் ஒருசேரப் பார்க்க எவரும் இல்லாததே விளைவுக்குக் காரணம். நண்பர் இரவுப்பணி சொன்ன மூன்றாவது, ஐந்தாவது எந்திரங்களின் கதையும் இதுவே. அங்கே நோக்கம் ஒன்று, இங்கே இரண்டு என்பதே வேறுபாடு.

பதில்: பழைய கரும்பலகை

மொழி மாதிரிகளைப் பற்றிய கேள்வி விடுபட்டுப் போயிற்று. மறுக்கும் உரிமை என்று நான் சொன்னது ஏட்டிலேயே இருக்கிறது. ஒரு சொல்லைச் சொல்வதே ஒரு செயலைச் செய்வது என்று ஆஸ்டினும் செர்லும் வளர்த்த மெய்யியலை அடிப்படையாக வைத்து, ஏஜென்ட்டுகள் பேசிக்கொள்ளும் மொழிகள் 1990களில் வகுக்கப்பட்டன. 1996இல் உருவான ஃபிபா என்ற தர அமைப்பு வரையறுத்த செய்தி வகைகளில் தெரிவித்தல், வேண்டுதல், விலை கேட்டல், முன்மொழிதல், ஒப்புதல் ஆகியவற்றோடு மறுத்தல் என்பதும் தனி வகையாக இடம்பெற்றது. அந்த முயற்சியின் பலவீனமும் அங்கேயே இருந்தது. ஓர் ஏஜென்ட் ஒன்றைத் தெரிவிக்கிறது என்றால் அது அதை நம்பவும் வேண்டும் என்று இலக்கணம் வகுத்தார்கள். இன்னொருவர் எழுதிய நிரல் எதை நம்புகிறது என்பதை வெளியிலிருந்து எப்படிச் சரிபார்ப்பது?

இன்று பல ஏஜென்ட்டுகள் என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்தால், ஒரே மொழி மாதிரியை ஆராய்பவர், எழுதுபவர், திருத்துபவர் என்று வெவ்வேறு வேடங்களில் ஒருங்கிணைப்பாளர் நிரல் ஒன்று அழைத்துக்கொண்டிருக்கும். அது ஹியர்சே-2இன் பேரப்பிள்ளை. நல்ல பொறியியல்தான், ஆனால் தேர் இழுப்பு. உங்கள் சார்பில் விமானச் சீட்டு வாங்கப் போகும் ஏஜென்ட், சீட்டு விற்பவரின் ஏஜென்ட்டோடு பேரம் பேசத் தொடங்கும்போது நண்பர் இரண்டாம் விலை சொன்ன கணக்குகள் அத்தனையும் வந்து நிற்கும். லெஸ்ஸரின் கணுக்கள் கண்ட தொல்லையும் கூடவே வரும்: தவறான ஊகத்தை உறுதியான குரலில் சொல்வதில் மொழி மாதிரிகளை மிஞ்ச ஆளில்லை.

உங்கள் சிக்னல்களுக்கு வருகிறேன். ஆறும் ஒரே நிர்வாகத்துக்கு உரியவை என்பதால் பொய், ஏலம் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. பிரித்ததற்கு வேறு நியாயம் காட்ட வேண்டும். கார்னகி மெலனில் உருவாகி, பிட்ஸ்பர்க் நகரின் ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியில் 2012இல் 9 சந்திப்புகளில் தொடங்கிய சர்ட்ராக் என்ற அமைப்பைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு சந்திப்பும் தன்னை நோக்கி வரும் வண்டிக் கூட்டங்களைத் தானே உணர்ந்து, தன் பச்சை நேரத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. பிறகு, இத்தனை வண்டிகள் இன்ன நேரத்தில் உன் பக்கம் வரும் என்று அடுத்த சந்திப்புக்கு மட்டும் சொல்லி அனுப்புகிறது. பயண நேரம் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்ததாக அந்தச் சோதனையில் தெரிவித்தார்கள். எல்லாச் சந்திப்புகளுக்கும் சேர்த்துத் திட்டம் போடும் மைய நிரல் அங்கே இல்லாததால், புதிதாக ஒரு சந்திப்பைச் சேர்க்க மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.

பதில்: இறுதியாண்டு மாணவி

என் நிரலை நேற்றிரவு திறந்து பார்த்தேன். 6 ஏஜென்ட்டுகளும் எல்லாச் சந்திப்புகளின் வரிசை நீளத்தையும் ஒரே பட்டியலிலிருந்து படிக்கின்றன. எந்தச் சந்திப்புக்கும் மற்றவை அறியாத எதுவும் தெரியாது. மறுக்கவும் எதுவும் இல்லை. தேர்வாளர் கண்டது இதைத்தான்.

அந்தப் பொதுப் பட்டியலை நீக்கிவிட்டு, பக்கத்துச் சந்திப்புக்கு மட்டும் செய்தி போகும்படி மாற்றி எழுதுகிறேன். மூன்றாவது, நான்காவது சந்திப்புகளுக்கு இடையே உள்ள இணைப்பை நடுவில் அறுத்து, பழைய நிரலையும் புதிய நிரலையும் அதே வண்டிகளுடன் ஓட்டி, வரிசை நீளங்களை அடுத்த ரிவ்யூவுக்கு எடுத்துப் போவதாக இருக்கிறேன். இணைப்பு அறுந்த பிறகு நான்காவது சந்திப்பு பழைய செய்தியையே நம்பிக்கொண்டிருக்க வேண்டுமா, செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: இரவுப்பணி

இரண்டாவது. செய்திக்கு ஆயுள் வையுங்கள். ஒரு சிக்னல் சுழற்சிக்கு மேல் பழையதானால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் சென்சாரை மட்டும் நம்பட்டும். இணைப்பு மீண்டும் வந்ததும், தேங்கி நின்ற பழைய செய்திகள் அத்தனையும் ஒரே மூச்சில் வந்து விழும். அதையும் சோதித்துவிட்டுப் போங்கள். தேர்வாளர் அடுத்து அதைத்தான் கேட்பார்.